தொட்டுப் பார், ஜில்லென்று இருக்கிறது

மீண்டும் கறுத்தது. எச்சரிக்கை இல்லை, மன்னிப்புக் கேட்கும் நீலத் திரை இல்லை, எங்கே பிழை என்று சொல்லும் எண்கூட இல்லை; பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் எழுந்து போய்விடுகிறவரைப் போல, மேசைக்கடியில் இருந்த பெட்டி தன் இரைச்சலை விழுங்கிக்கொண்டு அடங்கிவிட்டது. கறுத்த திரையில் உமையாள் தன் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி, அதற்கு மேலே சுருங்கிய நெற்றி, அதற்கும் மேலே நிற்காமல் சுழலும் மின்விசிறி. மின்சாரம் இருக்கிறது என்பதற்கு அந்த விசிறியே சாட்சி. ஏழாம் ஆண்டு. காலையில் எட்டாம் ஆண்டு வரை போயிற்று, நேற்று ஆறோடு நின்றது. போக வேண்டியது இருபது. மாவிலங்கைப்பட்டி மண்ணுக்குள் இன்றிலிருந்து இருபது ஆண்டுகளில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டிய எந்திரம் எட்டு ஆண்டுகளுக்கு மேல் யோசிக்க மறுக்கிறது. ஓடியவரைக்கும் சேமித்துக்கொண்டு மீதியைப் பிறகு ஓட்டலாம் என்றால், அணைகிற கணத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையும் சிதைத்துவிட்டே அணைகிறது. நாளைக் காலை விசாரணைக் குழு கூடுகிறது. ஊரின் மேற்கு விளிம்பில் ஒரு நிறுவனம் ஆழமாகக் குழாய் இறக்கித் தண்ணீரை எடுத்துப் பாட்டிலில் அடைத்து விற்க அனுமதி கேட்கிறது. ஊர் வேண்டாம் என்கிறது. வேண்டாம் என்றால் கணக்கைக் காட்டு என்கிறது குழு. அந்தக் கணக்கு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஊருக்காக வாதாடும் வக்கீல் ஜெசிந்தா இன்று மாலை அலுவலகத்தைப் பூட்டுவதற்குள் அது அவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால் நாளை மேசைமேல் நிறுவனத்தின் அறிக்கை மட்டும் இருக்கும், அதன் பளபளக்கும் அட்டையோடு. கூடத்தில் அவள் கணவர் சாத்தப்பன் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். ஒலி குறைவதற்கு முன்பே ஒரு சரசரப்பு கேட்டது. ரிமோட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையின் சரசரப்பு. வாங்கிய நாளில் வந்த உறை. எண்கள் தெரியாத அளவுக்கு மங்கிவிட்டது. எட்டை அழுத்துகிறோமா ஒன்பதை அழுத்துகிறோமா என்று விரலுக்குத்தான் தெரியும். "திரும்ப நின்னு போச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார். "போச்சு." "நீ ரொம்பப் பாரத்த ஏத்துற அதுல. நான் அன்னைக்கே சொன்னேன்." பாரம். கணிப்பொறிக்குப் பாரம் என்றால் என்ன என்று இந்த மனிதருக்கு விளக்கப் போனால் இன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

பாரம் ஏற்றத்தானே புதிதாக வாங்கியது. சென்ற விசாரணையில் அந்த நிறுவனத்தின் நிபுணர், நன்றாகத் தேய்த்த சட்டை, பேசும்போது பேனாவை மூடி மூடித் திறக்கிறவர், அவளுடைய வரைபடத்தைத் திரையில் போடச் சொல்லிச் சிரித்தார். "அம்மா போட்டிருக்கிற கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு தெரு அகலம் இருக்கு. இதுல கிணறு எங்க இருக்குன்னு அந்தக் கிணத்துக்கே தெரியாது சார்." குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது சிரித்ததைவிட மோசம். சிரிப்பில் அவள் கோபப்படவில்லை, அவர் சொன்னது சரி என்பதில்தான் கோபப்பட்டாள். கட்டம் பெரியதுதான். சிறிதாக்கினால் அவளுடைய பழைய கணிப்பொறி ஒரு வாரம் முனகிவிட்டுப் படுத்துவிடும். ஆகவே புதிய ப்ராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, புதிய ரேம், சூட்டைத் தணிக்க ப்ராசஸரின் மேல் உட்காரும் கனத்த ஹீட் சிங்க்கும் விசிறியும். கடையிலேயே பொருத்திக் கொடுக்கிறேன் என்றார்கள். சாத்தப்பன் கேட்கவில்லை. தொலைபேசி நிலையத்தில் பொறியாளராக இருந்தவர், ஒரு ஊருக்கே இணைப்புக் கொடுத்த கை, இந்த நாலு திருகாணிக்கு இன்னொருவன் வேண்டுமா என்றார். சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியை விரித்து, அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் கிழியாமல், ஒட்டுநாடாவை நகத்தால் நெம்பி நெம்பிப் பிரித்தார். கையேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். நன்றாகத்தான் செய்தார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும், ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. முதல் அரை நாள் பெட்டி ஓடியது. அஞ்சல் திறந்தது, எழுத்துத் தட்டியது, எல்லாம் முன்னைவிட வேகம். நிலத்தடி நீரைக் கணக்கிடும் மாதிரியை ஓட்டிய அன்றே அணைந்தது. அன்றிலிருந்து இதே கதை. எழுத்துத் தட்டினால் சாகாது; வேலை என்று ஒன்றைக் கொடுத்தால் சாகும். இப்படிப்பட்ட மனிதர்களை அவள் கல்லூரியில் பார்த்திருக்கிறாள். அவர்களைக் குழுத் தலைவராக்குவார்கள்.

முறையாகத்தான் தேடினாள். ஒன்றை மாற்று, மற்றதை மாற்றாதே, ஓட்டு, கவனி. நிலவியல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொன்னதும் அதுதான். யு.பி.எஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகினாள், அணைந்தது. ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினாள், அணைந்தது. கழற்றியதைப் போட்டு மற்றதைக் கழற்றினாள், அணைந்தது. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினாள்; அரை நாள் அதில் போயிற்று; அணைந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர், "மேடம், உங்க ஏரியாவுல வோல்டேஜ் ப்ராப்ளம்" என்றார். இந்த ஏரியாவுக்கு வந்து பார்த்தாரா? ஏதாவது ஒன்றைச் சொல்லி ஃபோனை வைக்க வேண்டும், அவ்வளவுதான். சூடு ஏறுகிறதா என்றும் முதல் நாளே கேட்டாள். கேட்காமல் இல்லை. பாரம் கொடுக்கும்போது மட்டும் அணைகிறது என்றால் எவரும் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான். சாத்தப்பன் அப்போது பெட்டியின் பக்கத்தைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஹீட் சிங்க்கின் உலோக மடிப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சூடா? தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கு." சூடு இல்லை என்று பட்டியலில் அடித்துவிட்டாள். அடித்ததைத் திரும்பப் பார்க்கவில்லை. ஜில்லென்று இருக்கிறது. பிறகு என்ன? மின்சாரம் இல்லை, ரேம் இல்லை, விண்டோஸ் இல்லை, சூடு இல்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது யார்? அவளும் அவளுடைய மாதிரியும். கட்டங்களைச் சிறிதாக்கியபோது எங்கோ ஒரு தப்பான எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணில் இடறித்தான் எந்திரம் விழுகிறதா? இரவில் விழித்துக்கொண்டால் இந்த எண்ணம்தான் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அறுபத்து மூன்று வயதில் ஒருத்திக்குக் கணக்கு தவறினால் அதைக் கணக்கு தவறிவிட்டது என்று யார் சொல்லப் போகிறார்கள்? வயசாச்சு என்பார்கள். அந்தச் சட்டைக்காரர் சொல்லவே வேண்டாம், பேனாவை ஒருமுறை மூடினால் போதும்.

பொத்தானை அழுத்தினாள். பெட்டி எழுந்தது. எழுவதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. திரையின் கீழ் விளிம்பில் பாதி உரிந்து தொங்கும் மெல்லிய தாள் விசிறிக் காற்றில் ஆடியது. திரை வாங்கிய நாளிலிருந்து ஆடுகிறது. மேல் பாதியை அவள் கிழித்துவிட்டாள், கீழ்ப் பாதியைச் சாத்தப்பன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். பெட்டியின் பக்கக் கண்ணாடியிலும் அதேபோல் ஒரு தாள். சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் துண்டு. காரின் இருக்கைகளில் கம்பெனி பாலித்தீன் இன்னும் இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு சேர்ந்து வருகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்கு அவர் தைத்துப் போட்ட ஒரு சட்டை உண்டு. இது கஞ்சத்தனம் இல்லை, கஞ்சத்தனமாக இருந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். வாங்குவார், நல்லதாகவே வாங்குவார். வாங்கியது வாங்கியபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மட்டுமா? அவள் கல்யாணத்தில் சாமான் பரப்பினார்கள். காரைக்குடி வழக்கம், பெண்ணுக்குக் கொடுப்பதையெல்லாம் ஊர் பார்க்கும்படி கூடம் முழுக்க வரிசையாக அடுக்கி வைத்து, வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனபின், அத்தனையையும் காகிதம் சுற்றி அறையில் ஏற்றிப் பூட்டிவிடுவது. பித்தளை, எவர்சில்வர், பீங்கான், மங்கு, எல்லாம் பார்ப்பதற்கு. அந்த வரிசையின் நடுவில், சம்புடங்களுக்கும் குத்துவிளக்குக்கும் இடையே, ஒரு தோலுறைக்குள் திசைகாட்டி இருந்தது. பாறை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் நிலவியலாளரின் திசைகாட்டி. அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பா, பர்மாவிலிருந்த நண்பர் ஒருவரிடம் சொல்லி எங்கிருந்தோ வரவழைத்தது. முதுகலையில் முதலிடம் வந்ததற்கு. வந்திருந்த பெண்கள் அது என்ன கடிகாரமா என்று கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் களப்பணிக்குப் போகும் காலையில் அவள் அதைக் கேட்டாள். சாத்தப்பன் அப்போது இளைஞர், மீசை புதிது, குரலில் உண்மையான அக்கறை. "அத ஏன் காட்டுக்குக் கொண்டு போற? கீறல் விழுந்துரும். கல்லூரியிலதான் ஒண்ணு இருக்குல்ல." இருந்தது. மூடி துருப்பிடித்தது, முள் நடுங்குவது. பணிக்காலம் முழுவதும் அந்த நடுங்கும் முள்ளோடு அவள் பாறைகளின்மேல் ஏறி இறங்கினாள். பழகிவிட்டது, முள் எந்தப் பக்கம் எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரிந்து கழித்துக்கொண்டாள். நல்லது உறைக்குள் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்கு இப்போது தெரியாது. இதை நினைக்க நேரமில்லை இப்போது. ஏன் நினைக்கிறேன். சரசரப்பு. ரிமோட்.

தொலைபேசி அடித்தது. மாவிலங்கைப்பட்டி வார்டு உறுப்பினர் பஞ்சவர்ணம். ஊரில் கையெழுத்து வாங்கியது, வண்டி பிடித்தது, வக்கீலைத் தேடியது எல்லாம் இவள்தான். "ஆச்சி, கணக்கு வந்துருச்சா, இல்ல பொட்டி இன்னமும் தூங்குதா?" "ஓடிக்கிட்டிருக்கு பஞ்சவர்ணம்." "எங்க கெணத்து மோட்டாருகூட இப்படித்தான் ஆச்சி வம்பு பண்ணும். எங்க வீட்டுக்காரரு நாலு மிதி மிதிப்பாரு, கெட்ட வார்த்தையில வைவாரு, ஓடிரும். உங்களுக்கு வைய வராது, அதான் கொறை." "வரும், வரும்." பஞ்சவர்ணம் சிரித்தாள், பிறகு குரல் தாழ்ந்தது. "இல்ல ஆச்சி, கேக்கணும்னு நெனச்சேன். கணக்கு வராமப் போனா நம்ம சொல்லு எடுபடாதோ? கம்பெனி ஆளு நேத்து ஊருக்குள்ள வந்து, உங்க டீச்சரம்மா கம்ப்யூட்டரே புகைஞ்சு போச்சாமே, இனி என்னத்தக் காட்டுவாங்கன்னு கேட்டுட்டுப் போறான். கோயில் வாசல்ல நின்னு கேக்குறான். நாலு பேரு எம்மூஞ்சியப் பார்க்குறாங்க." உமையாளின் காதுமடல் சுட்டது. யார் சொன்னது அவர்களுக்கு? கடைக்காரரா? யாராக இருந்தால் என்ன. கோயில் வாசலில். "புகையல பஞ்சவர்ணம். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிருவேன்" என்றாள். எந்த ஆதாரத்தில் சொன்னாள்? மாணவர் யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் சிவப்பு மையால் ஓரத்தில் கோடு போட்டு ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மாதிரியைத் தொடங்கிவிட்டிருந்தாள். முதல் ஆண்டு. இரண்டாம் ஆண்டு. விசிறி இரைச்சல் ஏறியது. பஞ்சவர்ணத்தின் கிணறு கண்ணில் வந்தது. செம்மண் சரிவில், விளிம்பில் ஒரு அரளிச் செடி, உள்ளே எட்டிப் பார்த்தால் அவரவர் தலை. மூன்றாம் ஆண்டு. நாலு. இந்தக் கிணறுகள் எல்லாம் ஆழமில்லாதவை, மேல் நீரில் நிற்பவை. நிறுவனம் எடுக்கப்போவது கீழ் நீரை. இரண்டுக்கும் நடுவே ஒரு களிமண் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தைத்தான் சட்டைக்காரர் வாதமாக வைத்தார். "படலம் மெல்லிசுதான். ஆனா போதும். கீழே எடுக்கிறது மேலே தெரியவே தெரியாது." போதாது என்று அவளுக்குத் தெரியும். ஊர் முழுக்கக் கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகள், ஊர்ப் பேச்சில் போர்கள். தண்ணீர் தேடி இறக்கி, சேறு அடைத்து, மோட்டாரை உருவிக்கொண்டு, வாயில் ஒரு கல்லையோ முள்ளையோ உடைந்த பானையையோ வைத்துவிட்டுப் போன துளைகள், களிமண்ணை ஊடுருவிப் போனவை; கீழே எடுக்க எடுக்க மேல் நீர் அவற்றின் வழியே இறங்கிவிடும். பஞ்சவர்ணத்தோடு வெயிலில் நடந்து ஒவ்வொன்றையும் தேடிக் குறித்திருக்கிறாள். ஒரு தெரு அகலக் கட்டத்துக்குள் ஒரு கையளவு துளை தெரியாது. அதற்காகத்தானே கட்டத்தைச் சிறிதாக்கியது. ஐந்து. ஆறு. அணையாதே. அணையாதே, சனியனே. கறுத்தது.

இப்போது கோபம் கைக்கு வந்துவிட்டது. முழங்கால் மறுப்பதைப் பொருட்படுத்தாமல் தரையில் உட்கார்ந்து, செருகுக் கம்பியைப் பிடுங்கி, பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பக்கக் கண்ணாடியைக் கழற்றினாள். அதன்மேலிருந்த தாள் சரசரத்தது. அதைக் கிழித்து எறிந்தாள். உதைக்கத்தான் இழுத்தாள் என்பதை அவள் பிறகும் மறுக்க மாட்டாள். பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரருக்கு வேலை செய்தது எனக்கு ஏன் செய்யாது. கால் வரவில்லை, கைதான் போயிற்று. இன்னும் இரைச்சலின் அதிர்வு அடங்காத விசிறிக்கு அடியில், அடுக்கடுக்கான உலோக மடிப்புகளைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. அவர் சொன்னது சரி. அவர் சொன்னது சரி என்பதில் இன்னும் கோபம் வந்தது. எல்லாம் சரியாகத்தான் சொல்கிறார், ஜில்லென்று இருக்கிறது, கீறல் விழும், பாரம் அதிகம். ஜில்லென்று இருக்கிறது. விரல் அங்கேயே நின்றது. ஏன் ஜில்லென்று இருக்கிறது? இவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்து ஓடிய ப்ராசஸருக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் உலோகம், அதன் சூட்டை உறிஞ்சி வெளியேற்றுவதற்கென்றே வைத்த உலோகம், சுட வேண்டாமா? சுடுவதுதானே அதன் வேலை? கிணற்றில் நீர் குறையவில்லை என்பதற்காகக் கீழே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? நடப்பது அங்கே வந்து சேரவில்லை என்றும் பொருள் கொள்ளலாமே. இரண்டில் எது என்று கேட்காத மாணவனை வகுப்பில் நிற்க வைத்திருக்கிறாள். ஒரு வாரமாக அவள் நிற்க வேண்டியவள். சூடு இல்லாமல் இல்லை. ஏறி வர வழியில்லை. நடுவே ஏதோ இருக்கிறது. திருப்புளியை எடுத்தாள். நாலு திருகாணி. ஹீட் சிங்க்கை மெல்லத் திருகித் தூக்கியபோது சூட்டைக் கடத்தப் பூசிய பசை விடுபடும் ஓசை கேட்டது. கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்புறம், ப்ராசஸரின் முகத்தோடு முகம் வைத்திருக்க வேண்டிய செம்புத் தகட்டின்மேல், சாம்பல் நிறப் பசை அப்பிய, நகத்தின் கனம்கூட இல்லாத, கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் சிவப்பு எழுத்து, பசைக்கடியிலும் படிக்க முடிந்தது: பொருத்துவதற்கு முன் இதை உரிக்கவும் என்று ஆங்கிலத்தில். "இங்க வாங்க" என்றாள். குரல் உயரவில்லை. உயராததால்தான் போலும், தொலைக்காட்சி உடனே நின்றது. சாத்தப்பன் வாசற்படியில் வந்து நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவள் அதைத் தூக்கிக் காட்டினாள். "இத நீங்க பார்க்கலையா?" "பார்த்தேனே." "எழுதியிருக்கிறதப் படிக்கலையா?" "படிச்சேன்." அவர் குரலில் குற்றம் ஏதும் இல்லை. "கடைக்காரன் என்ன சொன்னான், பிடிக்கலைன்னா பத்து நாளைக்குள்ள மாத்திக்கலாம், ஆனா உறை எதையும் பிரிச்சிருக்கக் கூடாதுன்னான். அதான் மேல பசையப் போட்டு அப்படியே வச்சேன். நல்லா ஓடுதான்னு பார்த்துக்கிட்டு, அப்புறம் உரிச்சுக்கலாம்னு." "நல்லா ஓடுதான்னு பார்த்துக்கிட்டு." "ஆமா. ஓடலைன்னா திருப்பிக் குடுக்கணும்ல." உமையாள் அவரைப் பார்த்தாள். உரித்தால்தான் ஓடும். ஓடினால்தான் உரிப்பார். இதற்கு எந்தப் பக்கத்திலிருந்து விடை சொல்வது? இத்தனை ஆண்டுகளாக இந்த வளையத்துக்குள்ளா காபி குடித்தோம், காரில் போனோம், கட்டிலில் படுத்தோம்? "ஒரு வாரமா நான் மண்டைய உடைச்சுக்கிறேன். பக்கத்துல நிக்கிறீங்க. சொல்லணும்னு தோணலையா?" "அது இம்புட்டுக்காணுத் தாளு, உமையா. அதுவா நிறுத்தும்?" அவர் நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்வி அவள்மேல் வேறு இடத்தில் விழுந்தது. இம்புட்டுக்காணுத் தாள். மெல்லிசுதான், ஆனால் போதும். சட்டைக்காரரின் குரல். வாரம் முழுக்க ஒரு தாள், ஊதினால் பறக்கும் தாள், அந்தப் பக்கத்துச் சூட்டை இந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் வைத்திருக்கிறது. களிமண்ணோ ஒரு ஆள் உயரம். சட்டைக்காரர் சொன்னது சரியாக இருந்தால்? கீழே எடுப்பது மேலே தெரியவே தெரியாது என்றால், நான் ஊரை எதற்காக இழுத்துக்கொண்டு திரிகிறேன், பஞ்சவர்ணத்தைக் கோயில் வாசலில் தலை குனிய வைத்து? தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி உரித்தாள். முழுசாக வந்தது, ஒரு கிழிசல் இல்லாமல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கிழிசலும் இல்லை. ஆமாம். இது முழுசு. அதனால் நிறுத்துகிறது. ஊரில் இருப்பது முழுசா?

அதன்பிறகு வேலையாகத்தான் நடந்தது. கொரோனாக் காலத்தில் வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருந்த சானிடைசரைச் சாத்தப்பன் கொண்டுவந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் திருகி, பழைய பசையைப் பஞ்சால் துடைத்தாள். புதுப் பசை இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாதி தீர்ந்த குழாயை அவர் தனியே ஒரு சிறு பையில் போட்டு, அதன் மூடியைச் சுற்றி ரப்பர் பாண்டு மாட்டி வைத்திருந்தார். இந்த மனிதரை வெறுப்பதைக்கூட ஒருத்தி முழுமையாகச் செய்து முடிக்க முடியாது. நாலு திருகாணியை அவளே போட்டாள். ஓட்டினாள். முதல் ஆண்டில் உலோகத்தைத் தொட்டாள், வெதுவெதுப்பு. இரண்டாம் ஆண்டில் சூடு. மூன்றில் விரலை வைத்திருக்க முடியவில்லை. சுடு, நன்றாகச் சுடு என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஐந்து. ஆறு. ஏழாம் ஆண்டு திரையில் வந்தபோது அவள் மூச்சை நிறுத்தினாள். ஏழாம் ஆண்டு ஏழாம் ஆண்டுபோலவே நகர்ந்து எட்டாம் ஆண்டாயிற்று. ஒன்பது. பத்து. அவள் பார்த்திராத ஆண்டுகள். கோபம் இறங்கவில்லை, நாற்காலியில் அவளோடு உட்கார்ந்திருந்தது. அதற்கு இப்போது போக இடம் ஒன்று கிடைத்திருந்தது, அவ்வளவுதான். கைவிட்ட போர்களைச் சுற்றித் தண்ணீரைக் குறிக்கும் நீலம் வெளிறத் தொடங்கியது. முதலில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு பொட்டு. பிறகு பொட்டும் பொட்டும் கைகோத்தன. பதினோராம் ஆண்டில் பஞ்சவர்ணத்தின் கிணறு வற்றியது. அரளிச் செடியை எந்திரம் காட்டவில்லை. இருபதாம் ஆண்டில் மேற்குச் சரிவில் வற்றாத கிணறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கணக்கு நின்றது; அணையவில்லை, முடிந்தது. படங்களை அறிக்கையில் சேர்த்து, கூட்டல்களை இன்னொருமுறை சரிபார்த்து, ஜெசிந்தாவுக்கு அனுப்பினாள். "வந்துருச்சு மேடம், நகல் எடுக்கிறேன்" என்று பதில் வந்தது. பிறகு பஞ்சவர்ணத்தை அழைத்தாள். "வந்துருச்சு பஞ்சவர்ணம். நாளைக்கு வெள்ளனக் கிளம்பி வந்துருங்க." "வைஞ்சீங்களா ஆச்சி?" "வைதேன்." "பாத்தீங்களா!" சிரிப்பு. பிறகு, "நல்லதாச் சொல்லுதா?" உமையாள் திரையைப் பார்த்தாள். "நாம சொன்னதத்தான் சொல்லுது." அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்தியது. "அப்ப நல்லதில்ல" என்றாள் பஞ்சவர்ணம். "வந்துர்றோம் ஆச்சி."

அந்தத் தாள் மேசைமேல் கிடந்தது. பசையைத் துடைத்துவிட்டிருந்தாள், உள்ளங்கை அளவு, சிவப்பு எழுத்தோடு, முழுசாக. குழுவில் கைக்கடிகாரம் பார்த்தவருக்கு வரைபடம் புரியாது. களிமண் படலம் என்றால் அவர் மனத்தில் வருவது இதுபோல ஒன்றுதான், முழுசான தாள். தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்தாள். அச்சடித்த வரைபடத்தை மேசையில் விரித்து, அதன்மேல் தாளைப் பொருத்தி வைத்து, முதல் போர் இருந்த இடத்தில் குத்தினாள். அரளிச் செடிக்குத் தெற்கே, பானை கவிழ்த்து வைத்தது. அடுத்து முள் போட்டு மூடியது. அடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். நாளை ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுபோக வேண்டும். சட்டைக்காரர் முன்னால் வைத்து இந்தத் தாளின்மேல் ஊற்ற வேண்டும். சாத்தப்பன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார் என்பது அவர் பேசியபோதுதான் தெரிந்தது. "அதுல ஓட்டை போட்டேன்னா கடைக்காரன் எடுத்துக்க மாட்டான், உமையா." அவள் நிமிரவில்லை. ஊசி அடுத்த இடத்தின்மேல் நின்றது; தாள் நழுவியது. "அந்தப் பக்கத்தப் பிடிங்க" என்றாள். அவர் தயங்கினார். "இழுத்துப் பிடிங்க, சுருங்கக் கூடாது." அவர் இரண்டு விரல்களால், எப்போதும் புதுச் சாமானைப் பிடிக்கிற அதே பதனத்தோடு, விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் குத்தினாள்.